திருத்துவதா, மாற்றுவதா? – விளையாட்டுப் பொறிகளின் வரலாற்றில் உடைமையாளரின் நிலை

ஒரு பண்டம் பழுதடைந்தவிடத்து அதனைத் திருத்திப் பயன்படுத்துவதா, அன்றி ஒதுக்கிவிட்டுப் புதிதொன்றை வாங்குவதா என்னும் வினா, வீட்டுச் செலவைச் சார்ந்த ஒரு சிறு வினாவாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. திருத்தக் கூலி எவ்வளவு, புதியதன் விலை எவ்வளவு, திருத்தப்பட்டது இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்னும் மூன்றையும் சீர்தூக்கி உடைமையாளர் ஒரு முடிவிற்கு வருகிறார் என்பதே பலரதும் எண்ணம். கணக்கைப் போடுபவர் உடைமையாளர் என்பது உண்மையே. ஆயின் அக்கணக்கிற்குரிய எண்களை எழுதிவைத்தவர் யார் என்பதை வரலாற்று நோக்கில் வினவும்போது விடயம் வேறொரு தோற்றத்தைப் பெறுகிறது. பண்டம் எவ்வாறு மூடப்பட்டுள்ளது, அதன் உதிரிப்பாகம் எவரிடம் உண்டு, அதனைத் திறப்பது சட்டத்திற்கு இசைந்ததா என்பன யாவும், பழுது நேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தீர்க்கப்பட்டுவிடுகின்றன. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடப்படுகின்ற ‘கேம் கொன்சோல்’ எனும் விளையாட்டுப் பொறியின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

விளையாட்டுப் பொருளொன்றிற்கு வரலாறு எழுதுவதா என முகஞ்சுழிப்போர் இருக்கலாம். உடைந்த மட்பாண்டத் துண்டுகளைக் கொண்டு நாகரிகங்களின் காலத்தைக் கணிப்பவர்கள் அவ்வாறு முகஞ்சுழிப்பதற்கில்லை.

1972ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் மக்னவொக்ஸ் நிறுவனம் ‘ஒடிசி’ என்னும் பொறியை விற்பனைக்கு விட்டது. வீட்டில் வைத்து விளையாடுவதற்கென வணிக நோக்கில் விற்கப்பட்ட முதற் பொறி இதுவே. ரால்ப் பேயர் என்னும் பொறியியலாளர் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய மாதிரியை அடியொற்றி இது அமைந்தது. இதனுள் கணிப்பொறிக்குரிய நுண்செயலி எதுவும் இருக்கவில்லை; சில பத்துத் திரான்சிஸ்டர்களும் ஏறத்தாழ அதேயளவு இருவாயிகளுமே இருந்தன. விளையாட்டை மாற்றுவதற்காகச் செருகப்பட்ட அட்டைகளும் சுற்றுகளை வெவ்வேறு வகையில் இணைத்துவிடும் வெறும் இணைப்புகளே. இப்பாகங்கள் யாவும் அன்றைய வானொலி, தொலைக்காட்சித் திருத்துநர் அன்றாடம் கையாண்ட இனத்தைச் சேர்ந்தவை. பழுதான ஒரு திரான்சிஸ்டருக்குப் பதிலாக அதே குணமுள்ள வேறொன்றை வைத்துப் பற்றாசு பிடிக்கத் தெரிந்தவருக்கு இப்பொறி புதிராக இருந்திருக்க முடியாது. அதாவது, விளையாட்டுப் பொறி என்னும் பண்டம் பிறந்தபோது, அதனைத் திருத்தும் அறிவு அதனைச் செய்த நிறுவனத்திற்கு வெளியே, கடைத்தெருவில் ஏலவே இருந்தது.

ஐந்தாண்டுகளுள் நிலைமை மாறிற்று. 1977இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பொறியின் நெஞ்சமாக அமைந்தது அந்நிறுவனத்திற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு நுண்சில்லாகும். திரையில் தோன்றும் உருவையும் கேட்கும் ஒலியையும் அதுவே ஆக்கியது. அது கெட்டுப்போனால் கடையில் வாங்கக்கூடிய மாற்று எதுவும் இல்லை. அதனை அளிக்கக்கூடியது அட்டாரி நிறுவனம். அல்லது வேறொரு காரணத்தாற் கெட்டுப்போன இன்னொரு அட்டாரிப் பொறி. ஒன்றைக் கொன்று மற்றொன்றை உயிர்ப்பிக்கும் இம்முறை அக்காலந்தொட்டு இத்துறையில் நிலைத்துவிட்டது. இது எவரும் திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சி எனக் கூறுவது பொருந்தாது. பல பாகங்களின் வேலையை ஒரு நுண்சில்லு செய்யும்போது பண்டத்தின் விலை இறங்குகிறது. விலை இறங்கியபடியாலேயே அது இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. ஆயினும் மலிவும் திருத்தவியலாமையும் ஒரே கருவில் உருவானவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

யப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் 1983 யூலை 15ஆந் திகதி வெளியிட்ட ‘பமிகொம்’ பொறி இவ்விரண்டினதும் உறவை மேலும் துலக்கமாகக் காட்டுகிறது. இதன் விலை 14,800 யென். விலையை இயன்றவரை குறைத்தல் வேண்டும் என்பதில் நிறுவனத்தின் தலைவர் யமாவுச்சி ஹிரோஷி உறுதியாக இருந்தார். வடிவமைப்பிற்குப் பொறுப்பாயிருந்த உவெமுரா மசயூக்கி, செலவைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு இரு கைக்கருவிகளையும் கழற்றவியலாதவாறு பொறியின் உடலுடனேயே கம்பியால் இணைத்துவிட்டார். முதலில் வெளிவந்த பொறிகளின் கைக்கருவிகளில் சதுர வடிவான மென்மையான இறப்பர்ப் பொத்தான்கள் இருந்தன. அவற்றின் ஓரத்தை அழுத்தினால் அவை உள்ளே சிக்கிக்கொண்டன. கழற்றக்கூடிய கைக்கருவியாயின், அதனை மாத்திரம் கொடுத்து வேறொன்றைப் பெற்றிருக்கலாம். பமிகொம்மிலோ ஒரு பொத்தானின் பழுது முழுப் பொறியின் பழுதாயிற்று. சில யென்களைச் சேமித்த தீர்மானம், குழந்தையின் பெருவிரல் அழுத்திய ஒரு சிறு துண்டிற்காக முழுப் பெட்டியையும் சுமந்துசெல்லும் நிலையைத் தோற்றுவித்தது. பிற்காலப் பொறிகளில் இப்பொத்தான்கள் வட்டமான கடின நெகிழிப் பொத்தான்களாக மாற்றப்பட்டன.

பொத்தானைவிடப் பெரிய பழுதொன்றும் அவ்வாண்டு வெளிப்பட்டது. முதற் பொறிகளிலிருந்த நுண்சில்லொன்றின் குறையினால் சில விளையாட்டுகள் இடைநடுவில் உறைந்து நின்றன. பழுதான பொறிகளை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டு விற்பனையைத் தொடர்ந்திருக்கலாம். யமாவுச்சி அவ்வாறு செய்யவில்லை. விற்ற பொறிகளை மீளப்பெற்று, புதிய தாய்ப்பலகையுடன் மீண்டும் வெளியிடுமாறு பணித்தார். யப்பானில் விளையாட்டுப் பொருள்கள் மிகுதியாக விற்பனையாகும் புத்தாண்டுக் காலம் இதனாற் கைநழுவிப் போயிற்று. வணிகர் ஒருவர் இத்தகைய இழப்பை வலிந்து ஏற்றது ஏன்? பமிகொம் எத்தனை பெட்டிகள் விற்றன என்பதைக் காட்டிலும், அதனை வாங்கியவர் அடுத்த பத்தாண்டுகளுக்கு அதற்கான விளையாட்டுகளை வாங்குவாரா என்பதே அவர் கண்ட இலாபம். நம்பிக்கை முறிந்தால் அவ்விலாபம் முழுவதும் முறியும். விளையாட்டுப் பொறியின் வரலாற்றில் மாற்றிக் கொடுத்தல் என்பது பெருந்தன்மையாகவும் பெருங்கணக்காகவும் ஒருங்கே அமைந்த முதல் நிகழ்ச்சி இதுவெனலாம்.

அதே பொறி 1985இல் வேறு தோற்றத்துடன் அமெரிக்காவிற்குச் சென்றது. அங்கு 1983ஆம் ஆண்டு நேர்ந்த சந்தை வீழ்ச்சியின் பின்னர் விளையாட்டுப் பொறி என்ற சொல்லையே கடைக்காரர் வெறுத்தனர். எனவே ஒளிநாடாக் கருவியைப் போன்ற தோற்றத்தில், விளையாட்டுக் கசெட்டை முன்புறமாகச் செருகிக் கீழே அழுத்தும்படி பொறி அமைக்கப்பட்டது. மேற்புறத்தில் நேராகச் செருகும் யப்பானியப் பொறியில் இல்லாத ஒரு நலிவு இதனால் ஏற்பட்டது. கசெட்டைப் பற்றிக்கொள்ளும் 72 ஊசிகள் கொண்ட இணைப்பான் நாளடைவில் வளைந்து தளர்ந்தது. ஊசிகளில் அழுக்கும் கறளும் படிந்தன.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. நின்டெண்டோவின் அனுமதி பெறாத விளையாட்டுகள் இயங்குவதைத் தடுக்கும்பொருட்டு, அமெரிக்கப் பொறிக்குள்ளும் ஒவ்வொரு கசெட்டுக்குள்ளும் பூட்டும் திறப்பும் போன்ற இரு காவல் நுண்சில்லுகள் வைக்கப்பட்டன. இவையிரண்டும் ஓயாது ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டேயிருக்கும். விடை பிழைத்தால் பொறி தன்னைத்தானே மீண்டும் தொடக்கத்திற்கு இட்டுச்செல்லும். ஏறத்தாழ ஒரு வினாடிக்கு ஒருமுறை சிவப்பு விளக்கு மினுக்கிமினுக்கி அணைவதை அக்காலச் சிறுவர் யாவரும் அறிவர். ஊசியொன்று சற்றுத் தளர்ந்து அழுக்கேறினாலும் காவல் நுண்சில்லுகளுக்கிடையிலான உரையாடல் முறிந்துவிடும். விளையாட்டை இயக்கப் போதிய தொடர்பு இருந்தாலுங்கூட, காவலன் கதவைத் திறக்கமாட்டான்! திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு நேர்மையாக வாங்கியவனின் வீட்டில் நின்று வழிமறித்தது.

சிறுவர் இதற்கொரு மருந்து கண்டனர். கசெட்டை வெளியே எடுத்து அதன் அடியில் வாயால் ஊதினர். மீண்டும் செருகியபோது சில வேளை பொறி இயங்கியது. இயங்கியதற்குக் காரணம் கழற்றிச் செருகியதேயன்றி ஊதியதன்று. வாயின் ஈரம் உலோகத்தை மேலும் அரித்தது. ஊதவேண்டாம் என நிறுவனம் எச்சரித்தும் பயனில்லை. ஒரு தலைமுறை முழுவதும் நம்பிய இவ்வைத்தியம், பழுதின் இடத்தை அறியும் வழி அடைக்கப்பட்டவிடத்து மக்கள் சடங்கிற்குத் திரும்புவர் என்பதைக் காட்டுகிறது. 1990களின் நடுப்பகுதியில் சொனி நிறுவனத்தின் முதற் பிளேஸ்டேசன் பொறிகளுக்கும் இவ்வாறே ஒரு சடங்கு தோன்றியது. இறுவட்டைப் படிக்கும் ஒளிக்கருவி நகரும் நெகிழித் தண்டவாளம் தேய்ந்து அக்கருவி சாய்ந்துவிட, மக்கள் பொறியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடினர். கவிழ்த்தபோது சாய்வு சிறிது நேராகியபடியால் இது ஊதுவதைவிட அறிவுக்கு ஒத்த சடங்கு எனவே கூறவேண்டும்.

நின்டெண்டோப் பொறிக்கு மெய்யான மருந்து வேறாக இருந்தது. பொறிக்குள்ளிருக்கும் காவல் நுண்சில்லின் நான்காவது காலை வெட்டிவிட்டால் அல்லது உயர்த்திவிட்டால் அது காவல் புரிவதை நிறுத்திவிடும். சில நிமிட வேலை. உதிரிப்பாகம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் நிறுவனத்தின் அனுமதி பெற்ற திருத்தகம் எதுவும் செய்யக்கூடிய வேலையன்று அது. 1993இல் நிறுவனமே, மேற்புறம் செருகும் புதிய வடிவொன்றைக் காவல் நுண்சில்லு இல்லாமலே வெளியிட்டது. அதன் விலை 49.99 டொலர். பழையதைத் திருத்துவதா புதியதை வாங்குவதா என்னும் வினாவிற்கு அவ்விலை ஒரு விடையாகவே அமைந்தது. எனினும் புதியது பழையதற்கு முற்றிலும் ஈடானதன்று. பழைய பொறியிலிருந்த தெளிவான நேரடிக் காட்சி வெளியீட்டு வசதி புதியதில் நீக்கப்பட்டிருந்தது. அலைவாங்கி வழியான இணைப்பே எஞ்சியது. மாற்றுப் பொருள் என்பது பெயரளவில் ஒன்றாயிருப்பினும், தந்ததைக் காட்டிலும் பெற்றது சில வகையில் கூடியும் சில வகையில் குறைந்தும் இருக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நிறுவனங்கள் தம் பொறியின் உட்புறத்தை இத்துணைக் காவல் செய்வதன் பொருளாதாரக் காரணத்தை இவ்விடத்து நோக்குதல் தகும். பொறியை அடக்கவிலைக்கோ அதற்குக் குறைவாகவோ விற்று, விளையாட்டுகளிலிருந்து இலாபத்தை ஈட்டுவது இக்கைத்தொழிலின் பொதுவான வழக்கம். 2021ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றமொன்றில் சாட்சியமளித்த மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர், எக்ஸ்பொக்ஸ் பொறிகளை விற்பதனால் நிறுவனம் இலாபம் பெறுவதில்லை எனக் கூறினார். அவ்வாறாயின் வாங்கியவர் தம் வீட்டில் வைத்திருக்கும் பெட்டி, நிறுவனத்தின் கண்ணில் முற்றுப்பெற்ற விற்பனையன்று. இன்னும் தொடரும் விற்பனைக்குத் திறந்துவைத்த ஒரு கடை. கடையின் சுவரை வேறொருவர் இடித்துக் கட்டுவதை எந்தக் கடைக்காரன் விரும்புவான்?

இவ்வரலாற்றின் மிகப் பெரிய பழுது அதே மைக்ரோசொப்ட் நிறுவனத்தினுடையதே. சொனியின் அடுத்த பொறிக்கு ஓராண்டு முந்திக்கொள்ள வேண்டும் என்னும் விரைவில் எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் பொறி 2005 நவெம்பரில் சந்தைக்கு வந்தது. இதன் மின்பொத்தானைச் சுற்றி நான்கு கூறுகளான ஒளிவளையம் ஒன்று உண்டு. இயல்பாகப் பச்சையாக ஒளிரும் இவ்வளையத்தின் மூன்று கூறுகள் சிவப்பாக மாறினால் பொறி செயலிழந்துவிட்டது என்பது பொருள். ‘சாவின் செவ்வளையம்’ என மக்கள் இதற்குப் பெயரிட்டனர். ஓராண்டு, ஈராண்டு விளையாடப்பட்ட பொறிகள் பெருந்தொகையாக இவ்வாறு மாண்டன.

காரணம் பற்றிப் பல கருத்துகள் நிலவின. அக்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலத்திரனியற் பொருள்களில் ஈயத்தின் பாவனையைக் கட்டுப்படுத்தும் விதியை இயற்றியிருந்தது. 2006 யூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஈயம் கலவாத புதிய பற்றாசுக்குக் கைத்தொழில் மாறிக்கொண்டிருந்தது. இப்பற்றாசு பழையதைப் போல் நெகிழ்ந்து கொடாது; சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் தாய்ப்பலகைக்கும் நுண்சில்லுக்கும் இடையிலுள்ள பற்றாசுக் குண்டுகள் வெடித்துவிடுகின்றன என்பதே பரவலான விளக்கம். இவ்விளக்கத்தை நம்பி மக்கள் தாமே திருத்த முற்பட்டனர். சிலர் நுண்சில்லை இறுகப் பிடிக்கும் கவ்வியைக் கழற்றிவிட்டுத் திருகாணியும் வளையமும் இட்டு இறுக்கினர். சிலர் சூட்டுக் காற்றைச் செலுத்திப் பற்றாசை மீண்டும் உருக்க முயன்றனர். துவாயால் பொறியைச் சுற்றி மூடி, அது தன் சூட்டிலேயே வெந்து உயிர்பெறும்வரை காத்திருந்தோரும் உளர். தீ விபத்தை விலைகொடுத்து வாங்கும் இச்செயலை அறிந்தோர் எவரும் பரிந்துரைத்திலர். ஆயினும் வியப்பு யாதெனில், இம்முறைகளாற் பல பொறிகள் உண்மையாகவே மீண்டும் இயங்கின. சில நாள்களிலோ சில வாரங்களிலோ மீண்டும் மாண்டன.

இதன் மறைபொருள் பல ஆண்டுகளின் பின்னரே பொதுமக்களுக்குத் தெரியவந்தது. 2021 டிசெம்பரில் மைக்ரோசொப்ட் தன் வரலாற்றைக் கூறும் ஆவணத் தொடரொன்றை வெளியிட்டது. பழுது, தாய்ப்பலகைக்கும் நுண்சில்லுக்கும் இடையில் ஏற்பட்டதன்று, நுண்சில்லின் உறைக்குள்ளேயே இருந்த நுண்ணிய இணைப்புகளில் ஏற்பட்டது என அதில் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் விளக்கினர். தொடர்ந்து இயங்குவதைவிட, மீண்டும் மீண்டும் இயக்கி அணைப்பதனால் ஏற்படும் வெப்ப மாற்றமே அவ்விணைப்புகளை முறித்தது. இறுக்கியபோதும் சூடாக்கியபோதும் முறிந்த முனைகள் ஒன்றையொன்று தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன; அவ்வளவே. இவ்வாறு நோக்குமிடத்து, அக்காலத்தில் திருத்தம் எனக் கருதப்பட்டவற்றுட் பல திருத்தமேயல்ல. நல்ல நுண்சில்லை மாற்றி வைப்பதே திருத்தம். அத்தகைய நுண்சில்லோ நிறுவனத்தின் கையில் இருந்தது. பழுதின் உண்மையான காரணத்தை உரிய காலத்தில் வெளியிட்டிருப்பின் எத்தனை பேர் தம் பொருளையும் நேரத்தையும் துவாய் மூடி வீணாக்காதிருந்திருப்பர் என எண்ணத் தோன்றுகிறது.

நிறுவனத்தின் எதிர்வினை பமிகொம் நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. 2007 யூலை 5ஆந் திகதி, மூன்று சிவப்பு ஒளிகள் தோன்றும் பொறிகளுக்கு உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீடிப்பதாகவும், ஏலவே திருத்தக் கூலி செலுத்தியவர்களுக்கு அதனை மீளக் கொடுப்பதாகவும் மைக்ரோசொப்ட் அறிவித்தது. இதற்கென நூற்றைந்து கோடி முதல் நூற்றுப்பதினைந்து கோடி டொலர் வரை ஒதுக்கப்பட்டது. அத்தொகையைக் கேட்டு நிறுவனத் தலைவர் ஸ்டீவ் போமர் முன் நடுங்கியவாறு நின்றதையும், அவர் அதிகம் வினவாது இசைந்ததையும் அன்று அப்பிரிவின் பொறுப்பாளராயிருந்த பீட்டர் மூர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். வெற்றுப் பெட்டி வீட்டிற்கு அனுப்பப்படும். பழுதான பொறியை அதனுள் இட்டுத் திருப்பி அனுப்பினால் இயங்கும் பொறியொன்று வந்துசேரும். பழுதான பொறி ஒருவரின் கையில் இருக்கும்போது அவர் எதிராளியின் பொறியை வாங்கிவிடுவார் என்ற அச்சமே இவ்வேகத்தின் தாய்.

வந்துசேரும் பொறி அனுப்பிய பொறிதானா? பெரும்பாலும் அன்று. வேறெவரோ அனுப்பித் திருத்தப்பட்ட பொறியே பலருக்குக் கிடைத்தது. நிறுவனத்தின் கணக்கேட்டில் இவ்விரண்டும் ஒன்று, உடைமையாளருக்கு ஒன்றல்ல. இணையவழி வாங்கிய விளையாட்டுகளின் உரிமம், வாங்கியவரின் கணக்குடனும் வாங்கிய பொறியின் அடையாள எண்ணுடனும் பிணைக்கப்பட்டிருந்தது. மாற்றுப் பொறியில் எண் வேறு. ஆகவே இணையத் தொடர்பு இல்லாதபோதும், வீட்டிலுள்ள ஏனையோர் தத்தம் கணக்கில் விளையாட முயன்றபோதும், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் திறக்க மறுத்தன. உரிமங்களைப் புதிய பொறிக்கு மாற்றிக்கொள்ளும் வழியை நிறுவனம் 2008இல் ஏற்படுத்திக் கொடுத்தது. பெட்டிக்குப் பெட்டி எனும் பண்டமாற்றில், பெட்டியோடு ஒட்டியிருந்த உரிமைகள் கவனிக்கப்படாது போனமை, உடைமை என்னும் கருத்தே இக்காலத்தில் எவ்வாறு சிதறுண்டு கிடக்கிறது என்பதைக் காட்டும்.

இப்பொறியில் இறுவட்டைப் படிக்கும் கருவியும் தாய்ப்பலகையும் ஓர் இரகசியக் குறியினாற் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு பொறியின் இறுவட்டுக் கருவி கெட்டால், அதே இனமான வேறொரு பொறியிலிருந்து நல்ல கருவியை எடுத்து வைத்தாலும் அது விளையாட்டு இறுவட்டுகளைப் படிக்காது. பழைய கருவியின் மின்சுற்றுப் பலகையை எடுத்துப் புதியதனுள் பொருத்தினாலே இயங்கும். அண்மைக்காலப் பிளேஸ்டேசன், எக்ஸ்பொக்ஸ் பொறிகளிலும் இத்தகைய பிணைப்பு உண்டு. அட்டாரிக் காலத்தில் ஒன்றைக் கொன்று மற்றொன்றை உயிர்ப்பிக்கவாவது முடிந்தது. இப்பிணைப்பு அக்கதவையும் மூடியது. நிறுவனங்கள் கூறும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை. எக்ஸ்பொக்ஸ் 360 பொறியின் இறுவட்டுக் கருவியிலுள்ள நிரலை மாற்றித் திருட்டுப் பிரதிகளை விளையாடியோர் உலகெங்கும் இருந்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை. ஆயின் பூட்டு கள்வனை நிறுத்தவில்லை. திருத்துநனை நிறுத்தியது என்பதும் அதே அளவு உண்மை.

இவ்விடத்திலேயே வினா வரைபலகையை விட்டு நீங்கிச் சட்டமன்றத்தை அடைகிறது. அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட மக்னசன்-மொஸ் உத்தரவாதச் சட்டம், குறித்தவொரு நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினாலே உத்தரவாதம் செல்லும் என நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுத்தது. அவ்வாறிருந்தும், ‘அகற்றினால் உத்தரவாதம் அற்றுப்போகும்’ என்னும் ஒட்டுத்தாள்கள் பொறிகளின் திருகாணிகளை மறைத்துக்கொண்டு பல்லாண்டுகள் இருந்தன. 2018 ஏப்ரலில்தான் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றுள் சொனி, மைக்ரோசொப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்றும் அடங்கும். ஒரு சிறு ஒட்டுத்தாள் நாற்பது ஆண்டுப் பழைமையான சட்டத்தை வென்றிருந்தது.

இன்னொரு சட்டம் எதிர்த்திசையில் இழுத்தது. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம், பதிப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. திருட்டுக்காக உடைத்தாலும் திருத்தத்திற்காக உடைத்தாலும் உடைப்பு உடைப்பே. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை காங்கிரஸ் நூலகத் தலைவர் விதிவிலக்குகளை வழங்கலாம். 2018இல் கைத்தொலைபேசிக்கும் வீட்டு உபகரணங்களுக்கும் திருத்த விதிவிலக்குக் கிடைத்தபோது விளையாட்டுப் பொறி சேர்க்கப்படவில்லை. 2021 ஒக்டோபரில் அதற்கும் கிடைத்தது. ஆனால் இறுவட்டுக் கருவியை மாற்றுவதற்கு மாத்திரம். மாற்றியபின் உடைத்த பூட்டை மீண்டும் பூட்டிவிட வேண்டும் என்பதும் நிபந்தனை. பூட்டை உடைக்கலாம், உடைக்கும் கருவியைப் பிறருக்குச் செய்து கொடுத்தல் ஆகாது என்னும் தடையும் நீங்கவில்லை. தானே கருவி செய்யவல்லவனுக்கே பயன்படும் இச்சலுகையை உரிமை என்பதிலும் பார்க்க உரிமையின் நிழல் என்பது பொருந்தும்.

பின்னர் மாநிலங்கள் திருத்தும் உரிமைச் சட்டங்களை இயற்றின. உதிரிப்பாகங்களையும் கையேடுகளையும் கருவிகளையும் பொதுமக்களுக்கும் வெளித் திருத்தகங்களுக்கும் நிறுவனங்கள் அளிக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். 2023இல் மினசோட்டாவும் கலிபோர்னியாவும், 2024இல் ஒறிகனும் இவ்வகைச் சட்டங்களை நிறைவேற்றின. மூன்றிலும் விளையாட்டுப் பொறிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியைத் திருத்த வழிவகுத்த கலிபோர்னியச் சட்டம், பிள்ளையின் விளையாட்டுப் பொறியின் முன் நின்றுவிட்டது. ஐரோப்பாவில் வேறொரு வழியால் சிறு வெற்றி கிட்டியது. 2017இல் வெளிவந்த நின்டெண்டோ சுவிச் பொறியின் கைக்கருவிகளில், தொடாதபோதும் உருவம் தானே நகரும் பழுது பரவலாகக் காணப்பட்டது. நுகர்வோர் அமைப்புகளின் முறைப்பாட்டையும் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலையீட்டையும் தொடர்ந்து, உத்தரவாதக் காலம் கடந்தபின்னரும் அவற்றை இலவசமாகத் திருத்திக் கொடுக்க 2023இல் நிறுவனம் இசைந்தது. பமிகொம்மில் உடலோடு ஒட்டியிருந்த கைக்கருவி இங்கே கழற்றக்கூடியதாயிருந்தமை திருத்த வேலையைப் பெரிதும் இலகுவாக்கியது என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும்.

மாற்றுதல் ஒருபோதும் ஈடுசெய்ய முடியாத ஒன்றுண்டு: பொறிக்குள் சேர்ந்துவிட்ட காலம். சுவிச் பொறியில் விளையாட்டின் சேமிப்பு அட்டையில் அல்லாது பொறியின் உள் நினைவகத்திலேயே தங்கும். 2020 மார்ச்சில், கொள்ளைநோய்க் காலத்தில், வெளிவந்த ‘அனிமல் குரொசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்னும் விளையாட்டில் மக்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக ஒரு தீவை உருவாக்கினர். வெளியே செல்லவியலாத அந்நாள்களில் பிறந்தநாளும் திருமணமுங்கூட அத்தீவுகளிற் கொண்டாடப்பட்டன. பொறி கெட்டால் தீவு அழியும். தீவுகளுக்கு இணையவழிப் பிரதி வைக்கும் ஏற்பாடு அவ்வாண்டு யூலை இறுதியிலேயே வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் பொறியைத் திருத்துவதா மாற்றுவதா என்னும் வினாவை எதிர்கொண்டவருக்கு அது விலையைப் பற்றிய வினாவாக இருந்திருக்க முடியாது.

இது புதிய பிரச்சினையன்று. பமிகொம்மின் உற்பத்தி 2003இல் முடிவுற்றது. உதிரிப்பாகங்கள் தீர்ந்தமையால் 2007 ஒக்டோபர் இறுதியுடன் யப்பானில் அதனைத் திருத்திக் கொடுப்பதையும் நின்டெண்டோ நிறுத்திக்கொண்டது. அதன்பின் அப்பொறிகளையும் அவற்றின் கசெட்டுகளையும் காத்துவருவோர் தனியார் திருத்துநரே. 1987இல் அமெரிக்காவிற்கு வந்த ‘லெஜென்ட் ஒவ் செல்டா’ போன்ற விளையாட்டுகளின் கசெட்டுக்குள், விளையாடியவரின் முன்னேற்றத்தை நினைவில் வைத்திருக்கும்பொருட்டு நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று பற்றாசினால் ஒட்டப்பட்டிருக்கும். அது பல்லாண்டுகள் உழைத்துப் பின்னர் வற்றும். வற்றுமுன் மாற்றவேண்டும், ஆனால் மாற்றுவதற்காகக் கழற்றிய கணத்திலேயே, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் சேமித்த பெயரும் அவன் எட்டிய இடமும் அழிந்துபோகும். ஆகவே கைதேர்ந்த திருத்துநர் முதலில் வேறொரு மின்கலத்தை மெல்லிய கம்பிகளால் அதே முனைகளுக்குத் தொடுத்துவிட்டு, நினைவகத்திற்கு மின்னோட்டம் அறாதவாறு பார்த்துக்கொண்டே, பழைய மின்கலத்தைப் பற்றாசுக்கோலால் மெதுவாக விடுவிக்கின்றனர்.